அருகிலிருக்கும் கடையும் தொலைவிலிருக்கும் விலையும்

கடையொன்றுக்குள் நுழைகின்ற ஒருவர் அங்குள்ள பொருட்களை எடுத்துப் பார்க்கின்றார். கடைக்காரரிடம் விளக்கம் கேட்கின்றார். தமக்கு ஏற்றது எது என்பதைத் தெரிந்து கொள்கின்றார். பின்னர் எதனையும் வாங்காது வீடு திரும்பி, அதே பொருளை இணையத்தளத்தில் தேடி, எங்கோ தொலைவிலுள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து குறைந்த விலைக்குத் தருவித்துக் கொள்கின்றார். இன்று உலகின் எல்லாப் பாகங்களிலும் நாளாந்தம் நடைபெறுகின்ற காரியம் இது. சட்டத்தின் பார்வையில் இதில் குற்றம் எதுவுமில்லை. தமது பணத்தைத் தாம் விரும்பியவாறு செலவிடும் உரிமை நுகர்வோருக்கு உண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்தக் கடைக்காரர் வழங்கிய அறிவுக்கும் நேரத்துக்கும் விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

இக்கேள்வி மிகவும் கூர்மையாக எழுந்துள்ள இடங்களுள் ஒன்று, நமது வாசகர்கள் பெரிதும் அறிந்திராத ஒரு சிறிய வர்த்தகமாகும். ஐக்கிய அமெரிக்காவில் சுங்கான் புகையிலை விற்கும் கடைகளையே நாம் குறிப்பிடுகின்றோம். உள்ளூரிலுள்ள புகையிலைக் கடையை ஆதரிப்பதா அல்லது இணையத்தில் மலிவாக வாங்குவதா என்ற விவாதம் அங்கு சுங்கான் புகைப்போர் மத்தியில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இதனை எடுத்துப் பேசுவதால் புகைத்தலை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதிவிடலாகாது. புகையிலை எவ்வடிவில் பயன்படுத்தப்பட்டாலும் உடலுக்குக் கேடு விளைவிப்பதே. சுங்கான் புகைப்போருக்கும் வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் அபாயம் உண்டு. ஆனால், இந்தச் சிறிய வர்த்தகத்தின் கதையில், வரியும் சட்டமும் இணைய வணிகமும் ஒன்றோடொன்று மோதும்போது சிறுகடைக்கு என்ன நேர்கின்றது என்பது வேறெங்கும் காண முடியாத அளவு தெளிவாகத் தெரிகின்றது. நமது நாட்டின் சிறு வர்த்தகர்களுக்கும் அவர்களை நம்பியிருக்கும் மக்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

சுங்கான் புகையிலைக் கடை என்பது சிகரட் விற்கும் பெட்டிக்கடை போன்றதல்ல. சிகரட்டுக்கு விளக்கம் தேவையில்லை. பெயரைச் சொன்னால் போதுமானது. சுங்கான் புகையிலையோ பல இலைகளின் கலவையாகும். வேர்ஜீனியா, பேர்லி ஆகிய இலைகளுடன், லூசியானா மாநிலத்தின் சென் ஜேம்ஸ் பகுதியில் மட்டும் விளைவித்துப் பதப்படுத்தப்படும் பெரிக் என்ற இலையும், சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரைத் தாங்கிய லடாக்கியா என்ற புகையூட்டப்பட்ட இலையும் வெவ்வேறு அளவுகளில் சேர்க்கப்படுகின்றன. பழைய கடைகளில் கண்ணாடிச் சாடிகளில் இலைகளை வைத்து, வாடிக்கையாளரின் சுவையறிந்து கடைக்காரரே கலந்து கொடுப்பது வழக்கமாக இருந்து வந்தது. சிக்காகோ நகரில் 1857ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவான் ரீஸ் போன்ற கடைகள் இம்மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவையாகும். அங்கு விற்கப்பட்டது இலை மட்டுமன்று, இலை பற்றிய அறிவுமாகும்.

இன்று அந்த வட்டம் பெரிதும் சுருங்கிவிட்டது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற டன்ஹில் பெயரில் விற்கப்பட்டு வந்த சுங்கான் கலவைகள் 2018ஆம் ஆண்டளவில் அப்பெயரை இழந்து, பீற்றர்சன் என்ற பெயரில் வெளிவரத் தொடங்கின. டன்ஹில் பெயருக்கு உரித்துடைய பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனிக்குச் சுங்கான் புகையிலை இலாபமற்ற ஒரு சிறு மூலையாகிவிட்டது. கொழும்பில் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளைக் கொண்டிருப்பதும் அதே நிறுவனமே. சிகரட்டைக் காப்பதற்கு உலகளாவிய நிறுவனங்கள் இருக்கின்றன. சுங்கான் புகையிலை விற்கும் மூலைக்கடையைக் காப்பதற்கு அதன் வாடிக்கையாளர்களைத் தவிர வேறெவரும் இல்லை.

அந்த வாடிக்கையாளர்களோ இரண்டாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாராரின் வாதம் எளிமையானது. ஒரே தகரப் பேணி, ஒரே இலை, ஒரே முத்திரை. அது இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின் உள்ளூர்க் கடைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தானமேயன்றி வர்த்தகமன்று என அவர்கள் கூறுகின்றனர். அத்துடன், உள்ளூர்க் கடைகள் பலவற்றில் சில வகைகளே கிடைக்கின்றன. இணையத்திலோ நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. கடையே இல்லாத சிற்றூரில் வசிப்பவர் வேறு என்ன செய்ய இயலும் என்ற கேள்வியும் நியாயமானதே.

மறுசாரார் வேறு விதமாகச் சிந்திக்கின்றனர். கடை ஒருமுறை மூடப்பட்டால் மீண்டும் திறக்கப்படுவதில்லை. முதன்முறையாகச் சுங்கான் வாங்க வருபவருக்கு வழிகாட்டவும், பழுதடைந்ததைத் திருத்திக் கொடுக்கவும், முதியவர்கள் சற்று அமர்ந்து பேசவும் அந்த இடம் தேவை. எனவே விலையில் சில டொலர்கள் அதிகமாயினும், அதனைக் கடை நிலைத்திருப்பதற்கான பங்களிப்பாகவே கருத வேண்டும் என்பது இவர்களது நிலைப்பாடு.

இரு சாராரின் வாதங்களிலும் உண்மை இருக்கின்றது. ஆனால் இரு சாராரும் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகின்ற விடயம் ஒன்றுண்டு. கடை விலைக்கும் இணைய விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் ஒருவரின் திறமையினாலோ மற்றவரின் பேராசையினாலோ ஏற்பட்டதன்று. அதில் கணிசமான பங்கு அரசின் கை எட்டுகின்ற தூரத்தினால் ஏற்பட்டது. அருகிலிருப்பவரிடம் வரியை அறவிடுவது அரசுக்கு இலகு. தொலைவிலிருப்பவரிடம் அறவிடுவது கடினம். ஆதலால் அருகிலிருப்பவர் அகப்படுகின்றார்; தொலைவிலிருப்பவர் தப்பிவிடுகின்றார்.

இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். அமெரிக்காவில் மத்திய அரசின் வரிக்கு மேலதிகமாக ஒவ்வொரு மாநிலமும் புகையிலைக்குத் தனது வரியை விதிக்கின்றது. மினசோட்டா மாநிலம் 2013ஆம் ஆண்டு முதல் சிகரட் அல்லாத புகையிலைப் பொருட்களுக்கு மொத்த விலையின் 95 வீதத்தை வரியாக அறவிட்டு வருகின்றது. பென்சில்வேனியா மாநிலமோ 2016ஆம் ஆண்டிலேயே இவ்வகை வரியை முதன்முதலாக விதித்தது. அதுவும் ஓர் அவுன்சுக்கு 55 சதமாகும். 50 கிராம் கொண்ட ஒரு பேணியின் மொத்த விலை 10 டொலர் என்று வைத்துக் கொள்வோம். மினசோட்டாவில் அதன் மீது 9 டொலர் 50 சதம் வரி ஏறுகின்றது. பென்சில்வேனியாவில் ஏறுவது ஏறத்தாழ 97 சதம் மாத்திரமே. மினசோட்டாக் கடைக்காரர் கடை வாடகை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம், தமது இலாபம் ஆகிய எதனையும் சேர்ப்பதற்கு முன்னரே அவரது பேணியின் விலை 19 டொலர் 50 சதமாகிவிடுகின்றது. குறைந்த வரி நிலவும் மாநிலத்திலிருந்து அந்த வரியேதும் சேராமல் பொதி வந்து சேருமாயின், உள்ளூர்க் கடைக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருப்பினும் அந்த விலையோடு போட்டியிட முடியாது.

தொலைவிலுள்ள விற்பனையாளருக்கு இந்தச் சலுகை எவ்வாறு கிடைத்தது? அதன் வரலாறு இணையத்துக்கு முற்பட்டது. 1967ஆம் ஆண்டில் தபால் மூலம் பொருட்களை விற்ற நிறுவனமொன்றின் வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் கடையோ களஞ்சியமோ ஊழியர்களோ இல்லாத நிறுவனத்திடம், அங்குள்ள வாடிக்கையாளருக்கு விற்ற பொருளுக்கான வரியைச் சேகரித்துத் தரும்படி அம்மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது எனக் கூறியது. 1992இல் குவில் நிறுவனத்துக்கும் வட டகோட்டா மாநிலத்துக்கும் இடையிலான வழக்கிலும் இந்நிலைப்பாடு அடிப்படையில் உறுதிப்படுத்தப்பட்டது. வாங்கியவரே அவ்வரியைத் தாமாகச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவ்வாறு செலுத்தியவர்கள் மிகச் சிலரே. தபால் வர்த்தகக் காலத்தில் வழங்கப்பட்ட இத்தீர்ப்புகளின் நிழலிலேயே இணைய வர்த்தகம் வளர்ந்து விருட்சமாகியது. 2018 ஜூன் 21ஆம் திகதி, தென் டகோட்டா மாநிலம் வேஃபெயர் நிறுவனத்துக்கு எதிராகக் கொண்டு வந்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையினால் உச்ச நீதிமன்றம் தனது முன்னைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. குவில் தீர்ப்புக்கும் வேஃபெயர் தீர்ப்புக்கும் இடையில் 26 ஆண்டுகள் கழிந்து விட்டன. அந்த 26 ஆண்டுகளில் மூடப்பட்ட கடைகளைத் தீர்ப்பு எதுவும் மீளத் திறக்கப் போவதில்லை.

வேஃபெயர் தீர்ப்பும் முழுமையான பரிகாரமாகவில்லை. அது பொதுவான விற்பனை வரியைப் பற்றியது. புகையிலைக்கெனத் தனியாக விதிக்கப்படும் வரி வேறொரு வழியில் கையாளப்படுகின்றது. 2010 மார்ச் 31ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டமொன்று, சிகரட்டையும் சுருட்டிப் புகைக்கும் தூளையும் புகையற்ற புகையிலையையும் அரச தபால் சேவை மூலம் அனுப்புவதைத் தடைசெய்ததுடன், அவற்றைத் தொலைவிலிருந்து விற்பவர்கள் வாங்குபவரின் மாநில வரிகளைச் செலுத்த வேண்டும் எனவும் விதித்தது. ஆனால் சுங்கான் புகையிலையும் சுருட்டும் அச்சட்டத்தில் உள்ளடக்கப்படவில்லை. சில மாநிலங்கள் தமது சொந்தச் சட்டங்களினால் இவ்விடைவெளியை அடைக்க முயன்றுள்ள போதிலும், மத்திய சட்டத்தின் கதவு திறந்தே விடப்பட்டது. அக்கதவினூடாகவே இணையக் கடைகளின் பொதிகள் பயணிக்கின்றன.

சட்டத்தில் ஒரு சிறு இடைவெளி விடப்பட்டால் பெரிய நிறுவனங்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தும் என்பதற்கு இதே புகையிலையே வேறொரு சான்றையும் தருகின்றது. சிறுவர்களின் மருத்துவக் காப்புறுதிக்கு நிதி திரட்டும் நோக்குடன் 2009 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் மத்திய அரசின் புகையிலை வரிகள் உயர்த்தப்பட்டன. சுருட்டிப் புகைக்கும் தூளுக்கான வரி இறாத்தலுக்கு 1 டொலர் 10 சதமளவிலிருந்து 24 டொலர் 78 சதமாக உயர்ந்தது. சுங்கான் புகையிலைக்கான வரியோ 2 டொலர் 83 சதமாக மாத்திரம் உயர்ந்தது. விளைவு யாது? சிகரட் சுற்றுவதற்கான தூளே சுங்கான் புகையிலை என்ற பெயரொட்டப்பட்டுச் சந்தைக்கு வந்தது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட தகவலின்படி, 2009 ஜனவரியில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் இறாத்தலாக இருந்த சுங்கான் புகையிலை விற்பனை, 2011 செப்டெம்பரில் 30 இலட்சம் இறாத்தலைத் தாண்டியது. சுங்கான் புகைப்போரின் தொகை இரண்டரை ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்காகப் பெருகிவிடவில்லை. பெயர்ச்சீட்டு மாத்திரமே மாறியது. சிறுவர்களின் மருத்துவத்துக்குச் செல்ல வேண்டிய பணம் நிறுவனங்களின் கணக்குகளில் தங்கியது.

இவ்வாறு பெரியவர்கள் இடைவெளிகளினூடாகத் தப்பிக்கொள்ள, சட்டத்தின் முழுப் பாரமும் மூலைக்கடையின் மீதே இறங்கியது. 2016 ஓகஸ்ட் 8ஆம் திகதி நடைமுறைக்கு வந்த உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிகள், அதுவரை கட்டுப்படுத்தப்படாதிருந்த சுங்கான் புகையிலை, சுருட்டு போன்றவற்றை அதன் அதிகாரத்தின் கீழ் கொண்டு வந்தன. நோக்கம் நல்லதே, அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் தமது கடையில் இலைகளைக் கலந்து கொடுக்கும் சில்லறை வர்த்தகரையும் அவ்விதிகள் உற்பத்தியாளராகவே கருதின. சாடியிலிருந்து இரண்டு இலைகளை எடுத்துக் கலக்கும் முதியவரும் பெரும் ஆலையை நடத்தும் நிறுவனமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். இலவச மாதிரி கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. கடைக்குச் சென்றால் சுவைத்துப் பார்க்கலாம், தமக்கென ஒரு கலவையைச் செய்விக்கலாம் என்பவையே இணையத்தினால் தர முடியாதவையாக இருந்தன. அவையும் கடையை விட்டு அகன்ற பின்னர் அதனிடம் எஞ்சியது விலை மாத்திரமே. அந்த விலைப் போட்டியில் அது முன்னரே தோற்றிருந்தது. 2023இல் மத்திய நீதிமன்றமொன்று உயர்தரச் சுருட்டுகளை இவ்விதிகளிலிருந்து விடுவித்தது. சுங்கான் புகையிலைக்கு அவ்விடுதலை கிட்டவில்லை.

இங்கு ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது. இணையத்தில் விற்பவர்கள் அனைவரும் சதிகாரர்கள் அல்லர். அவர்களுள் பலர் சிறுகடையாகத் தொடங்கி வளர்ந்தவர்களே. பழைய கடைகள் சிலவும் தமது இணைய விற்பனையைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. அருகி வரும் கலவைகள் பலவற்றுக்கு நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் வாடிக்கையாளரைத் தேடிக் கொடுத்ததும் இணையமே. மறுபுறத்தில், புதியவரை முகம் கொடுத்து வரவேற்காத கடைகளும், காய்ந்து போன இலையை முழு விலைக்கு விற்கும் கடைகளும், உள்ளூரில் தம்மை விட்டால் வேறு வழியில்லை என்ற துணிவில் விலையை ஏற்றிய கடைகளும் இல்லாமலில்லை. உள்ளூர்க் கடை என்பதற்காக மட்டும் ஒருவரை ஆதரிக்கக் கோருவது நீண்டகாலம் நிலைக்கக்கூடிய கோரிக்கையன்று. நாம் வலியுறுத்துவது வேறொன்றை. போட்டி நடைபெறட்டும், ஆனால் ஒருவரின் காலில் அரசே கல்லைக் கட்டிவிட்டு, மற்றவர் வேகமாக ஓடுகின்றார் என்று பாராட்டுவது போட்டியாகாது.

வேறு வழி இல்லையா என்று கேட்போருக்குப் பிரான்ஸ் நாட்டின் அனுபவம் ஒரு பதிலைத் தருகின்றது. அங்கு புகையிலையின் சில்லறை விற்பனை அரசின் தனியுரிமையாகும். சுங்கத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற கடைகள் மாத்திரமே அதனை விற்கலாம். ஒரு பொருளின் விலையை அரசு அங்கீகரித்த பின்னர் பெருநகரிலும் குக்கிராமத்திலும் அதே விலைதான். இணையத்தில் விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே உள்ளூர்க் கடையா, இணையமா என்ற கேள்வியே அங்கு சட்டத்தின் வரம்புக்குள் எழுவதில்லை. இம்முறையிலும் குறை இல்லாமலில்லை. விலை உயரும்போது எல்லையோர மக்கள் பெல்ஜியத்துக்கும் லக்சம்பர்க்குக்கும் ஸ்பெயினுக்கும் சென்று வாங்குகின்றனர். கள்ளச் சந்தையும் பெருகுகின்றது. எனினும், ஒரு பொருள் தீங்கானது என்று அரசு கருதுமாயின் அதனை யார், எங்கே, எவ்விலைக்கு விற்கலாம் என்பதை எல்லோருக்கும் சமமாக விதிக்க முடியும் என்பதை அந்நாடு நிரூபித்துள்ளது.

பொதுச் சுகாதாரத்தில் அக்கறை கொண்டவர்களும் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இங்குண்டு. புகையிலை விற்கும் கடைகள் அனைத்தும் ஒழிந்தால் நன்மைதானே என்று அவர்கள் எண்ணக்கூடும். ஆனால் கடை ஒழிவதனால் புகையிலை ஒழிவதில்லை. அது தபால் பொதிக்குள் இடம்பெயர்கின்றது. 2019 டிசம்பர் 20ஆம் திகதி முதல் அமெரிக்கா முழுவதும் புகையிலை வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21 ஆக்கப்பட்டது. கடையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்ப ஒரு மனிதர் இருக்கின்றார். தவறினால் தண்டம் செலுத்தவும் அனுமதிப்பத்திரத்தை இழக்கவும் அவருக்கு ஒரு முகவரி இருக்கின்றது. திரையின் மறுபுறத்தில் இருப்பவர் பதினாறு வயதுப் பையனா, அறுபது வயது முதியவரா என்பதை அவ்வாறு நிச்சயமாக அறிவது கடினம். இவ்விடயத்தில் நமது நாடு முன்னோடியாகவே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகார சபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்தது. அமெரிக்கா பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அச்சட்டத்தை நிறைவேற்றும் கையும் கடைக்காரரின் கையே. பாடசாலைச் சீருடையோடு வந்த பிள்ளையை, "அப்பாவிடம் சொல்லி விடுவேன்" என்று அதட்டி அனுப்புகின்ற கடைக்காரரை எந்த இணையத்தளமும் ஈடுசெய்யப் போவதில்லை.

புகையிலைக் கடை என்றதும் நமது மக்களின் நினைவுக்கு வருவது சுங்கான் அன்று, சுருட்டே. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை சென்றது. அதன் சுருட்டு, தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகள் மூலம் சிங்கள மக்களிடம் சென்றது. பெயர்தான் சுருட்டுக் கடை. பருப்பும் மிளகாயும் வெங்காயமும் வாழைக்குலையும் அங்கு விற்கப்பட்டன. சிங்களம் பேசப் பழகிய தமிழ்க் கடைக்காரர், அறுவடை வரும்வரை கடன் கொப்பியில் எழுதிவைத்துப் பொருள் கொடுத்தார். 1958இலும் 1983 ஜூலையிலும் அக்கடைகள் எரிக்கப்பட்டபோது எரிந்தது பலகையும் ஓடும் மட்டுமன்று. இரு மக்கள் நாளாந்தம் முகம் பார்த்துப் பேசிய ஓர் இடமும் எரிந்தது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மேயில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளுக்கு நேர்ந்ததும் அதுவே. எரிக்கப்படாத கடைகளில் பொருள் வாங்க வேண்டாம் என்ற பிரசாரமும் அக்காலத்தில் நடைபெற்றது. எந்தக் கடையில் வாங்குவது என்பது வெறும் விலைக் கணக்கன்று என்பதைத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தீயினாலும் வெறுப்பினாலும் ஏற்பட்ட அழிவையும் மலிவு விலையினால் ஏற்படும் நலிவையும் நாம் சமமாக வைக்கவில்லை. முன்னையது குற்றம், பின்னையது வர்த்தகத்தின் போக்கு. ஆயினும் தீயிலிருந்து மீண்டெழுந்த கடை, ஓசையின்றி வாடிக்கையாளரை இழந்து மூடப்படுமாயின், இழப்பு அவ்வூருக்கே. 2020இல் ஊரடங்குச் சட்டம் நடைமுறையிலிருந்த நாட்களிலும், 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களிலும், கையில் பணமின்றி நின்ற பல குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் கடனாகக் கொடுத்தது தெருமுனைக் கடையே. இணையத்தில் கடன் கொப்பி இல்லை.

நமது நாட்டிலும் இன்று ஆடையணிகள், கைப்பேசி உதிரிப்பாகங்கள், பாதணிகள், வீட்டுப் பாவனைப் பொருட்கள் என யாவும் வெளிநாட்டுக் களஞ்சியங்களிலிருந்து சிறு பொதிகளாக வந்து சேர்கின்றன. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. பதிவு செய்யப்பட்ட வர்த்தகர் தாம் விற்கும் வரிக்குரிய பொருட்களுக்கு அதனைக் கணக்கு வைத்துச் செலுத்தியாக வேண்டும். தொலைவிலிருந்து வரும் பொதியும் அதே பாரத்தைச் சுமக்கின்றதா என்பதே அமெரிக்கப் புகையிலைக் கடைக்காரர் கேட்ட கேள்வி. அதனையே காத்தான்குடியின் துணிக்கடைக்காரரும் யாழ்ப்பாணத்துப் பாதணிக் கடைக்காரரும் கொழும்பு புறக்கோட்டையின் மொத்த வியாபாரியும் கேட்க உரித்துடையவர்கள். செல்வந்த நாடுகளே இதனைக் காலந்தாழ்த்தி உணர்ந்துள்ளன. 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு வழங்கி வந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29ஆம் திகதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு 2026 ஜூலை முதல் 3 யூரோ தீர்வை விதிக்க ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 டிசம்பரில் இணங்கின.

எனவே மூன்று தரப்பினரிடம் நாம் மூன்று விடயங்களைக் கூற விரும்புகின்றோம். முதலாவது, அரசாங்கத்துக்கு. வரி விதிப்பது அரசின் உரிமை. ஆனால் ஒரே பொருளுக்கு அருகிலிருப்பவரிடம் ஒரு வரியும் தொலைவிலிருப்பவரிடம் வேறொரு வரியும் என்பது நீதியாகாது. புகையிலை போன்ற தீங்கான பொருட்களைப் பொறுத்தவரையில், கடையில் தடுக்கப்படும் ஒன்று பொதியில் வருவதற்கு எவ்வித இடைவெளியும் விடப்படலாகாது. சட்டத்தை ஆக்கும்போதே அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். அமெரிக்காவைப் போன்று 26 ஆண்டுகள் காத்திருக்க நமது சிறு வர்த்தகர்களால் இயலாது.

இரண்டாவது, வர்த்தகர்களுக்கு. வாடிக்கையாளரின் அனுதாபம் ஒரு கடையின் முதலீடாக முடியாது. பொருளைப் பற்றிய அறிவு, பழுது பார்த்தல், மாற்றிக் கொடுத்தல், நேர்மையான நிறுவை, இன்முகம் ஆகியவையே திரையினால் தர முடியாதவை. இவை இல்லாத கடைக்கு அருகிலிருப்பது மட்டும் ஒரு தகுதியாகாது. தேவையாயின் இணையத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். சிக்காகோவின் பழைய கடைகளே அதனைச் செய்கின்றபோது நம்மவர்கள் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நமது வாசகர்களுக்கு. வருமானம் குறைந்து விலைவாசி உயர்ந்துள்ள இந்நாளில், மலிவாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம் என்று எவரையும் கோரும் உரிமை நமக்கில்லை. பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்குச் சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கும் தாயை நாம் குறைகூறவும் மாட்டோம். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக் கொள்கின்றோம். கடைக்காரரின் நேரத்தையும் அறிவையும் பயன்படுத்திக் கொண்டவர், அந்தப் பொருளை அவரிடமே வாங்குவது முறை. கையில் காசு இருக்கும்போது இணையத்துக்கும், காசு இல்லாதபோது கடன் கொப்பிக்கும் என்று இரண்டு கணக்கு வைத்துக் கொள்வது நியாயமன்று. நெருக்கடியான நாளில் கதவைத் தட்டுவதற்கு அந்தக் கடை அங்கு இருக்க வேண்டுமாயின், சாதாரண நாட்களிலும் நாம் அங்கு சென்று வர வேண்டும்.